கடல் தாண்டிய நெட், கதவு தாண்டவில்லை

அந்தமானின் புரோத்ராபூர் வாசகி ஒருவருக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நெட் வரவில்லை என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தை மட்டும்தான் எழுதுவார்கள். நீங்கள் விவரம் எழுதியிருக்கிறீர்கள். இதே தொல்லை தீவிலும் மெயின்லேண்டிலும் பலருக்கு இருப்பதால் எல்லாரும் படிக்கும்படி இங்கேயே பதில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதன் சாரம் இது: காலையில் நெட் நன்றாக இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மகள் பின்னறையில் ஆன்லைன் வகுப்புக்கு உட்கார்ந்தால் ஆசிரியர் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றன. ரூட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது. மழை பிடித்தால் இன்னும் மோசம். முன்னறையில் உங்கள் கணவர் பார்க்கும் டிவிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்வது, "கடலுக்கடியில கேபிள்ல ஏதோ கோளாறு, நாம என்ன பண்ண முடியும்."

எனக்குச் சண்டை அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான்.

ஒரு காலத்தில் அது நியாயமான பேச்சு. 2020 ஆகஸ்ட் வரை அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதும் வெளியுலகத்தோடு பேசியது செயற்கைக்கோள் வழியாக. தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து விநாடிக்குச் சில ஜிகாபிட். இன்று ஒரு நகரத்தின் சில தெருக்களுக்கே அது பற்றாது. அகலம் மட்டுமல்ல, தூரமும் பிரச்சினை. அந்த வகைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. உங்கள் கேள்வி மேலே ஏறி இறங்கி, பதில் மறுபடி ஏறி இறங்க வேண்டும். மொத்தம் சுமார் 1,43,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். எந்த ரூட்டரை எங்கே வைத்தாலும், எந்தப் பிளானுக்கு மாறினாலும் அந்த அரை விநாடியைக் குறைக்க முடியாது. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத ஊரில் காத்திருக்கப் பழகுவதுதான் புத்திசாலித்தனம்.

2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் போகிறது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். பிஎஸ்என்எல் பொறுப்பேற்க, ஜப்பானின் என்இசி நிறுவனம் கம்பியைப் போட்டது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே விநாடிக்கு 2 x 200 ஜிகாபிட் என்று திறப்பு விழாவின்போது அறிவித்தார்கள். கம்பி கரையேறியும் "நாம என்ன பண்ண முடியும்" மட்டும் போகவில்லை. எந்தக் கோளாறு வந்தாலும் கடலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

கடலடிக் கம்பி பழுதாகாது என்று சொல்லவில்லை. பழுதாகும். ஆனால் அது பழுதானால் உங்கள் பின்னறையை மட்டும் தேடி வந்து தொல்லை கொடுக்காது. முன்னறை டிவி நிற்கும், பக்கத்து வீட்டில் நிற்கும், கராச்சர்மாவில் நிற்கும், ஜங்கிலிகாட்டில் கடைக்காரர் பணம் வாங்க க்யூஆர் அட்டையை நீட்டினால் அங்கும் நிற்கும். ஒரே வீட்டில் ஓர் அறையில் ஓடி, இன்னோர் அறையில் நின்றால் அதில் கடலுக்குச் சம்பந்தமே இல்லை. "முன் ரூம்ல டிவி ஓடுது" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியிலேயே விடை பாதி வந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். காலையில் சோதித்துப் பயனில்லை. கோளாறு வரும் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். ஏழு மணிக்கு மகளுடைய லேப்டாப்பை ரூட்டர் பக்கத்தில் கொண்டுபோய், ரூட்டரோடு வந்த லான் ஒயரை இரண்டுக்கும் நடுவே செருகி, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு வகுப்பையோ ஒரு வீடியோவையோ ஓட்டிப் பாருங்கள். ஒயரில் ஒழுங்காக ஓடினால் வெளியிலிருந்து வீடுவரை எல்லாம் சரி. குற்றவாளி வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. ஒயரிலும் உறைந்தால் வீட்டுக்கு வெளியே தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது ரூட்டர் வாங்குவதும் பிளான் மாற்றுவதும் வீண் செலவு.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் பிங் அனுப்பும் இலவச ஆப் ஒன்றைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பிங் என்பது "இருக்கிறாயா" என்று ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று அளப்பது. முதலில் ரூட்டருக்கே அனுப்புங்கள். அதன் முகவரி ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. பிறகு 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு. பின்னறையில் உட்கார்ந்து இரண்டையும் ஆளுக்கு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ரூட்டர் இருப்பது சில மீட்டர் தூரத்தில்; அதனிடமிருந்து பதில் பத்து மில்லிவிநாடிக்குள் வர வேண்டும். அதற்கே 200, 300 ஆகிறது, நடுநடுவே பதிலே வரவில்லை என்றால் கோளாறு உங்கள் சுவர்களுக்குள். ரூட்டர் சட்டென்று பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் இழுத்தால் கோளாறு வெளியே. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளி முகவரி நூறு மில்லிவிநாடிக்குள் பதில் சொல்கிறது என்றால் அது அந்தப் பழைய செயற்கைக்கோள் வழியாக வரவில்லை என்பதில் சந்தேகமே வேண்டாம். 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்கி அந்த நேரத்தில் திரும்ப முடியாது.

வெளியே என்று தெரிந்தாலும் இந்த எண்கள் வீணாகாது. "நெட் ஸ்லோ" என்று புகார் கொடுத்தால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். "மாலை ஏழு மணிக்கு, லான் ஒயரில், ரூட்டர் வரை 2, அதற்கப்பால் 600" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

உங்கள் வீட்டில் கோளாறு உள்ளேதான் இருக்கிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் நீங்கள் வரைந்து அனுப்பிய வீட்டுப் படம். முன்னறையில் இரும்பு பீரோ. அதன் தலையில் ரூட்டர். தமிழன் எந்தத் தீவுக்குப் போனாலும் பீரோவின் தலையைக் காலியாக விடமாட்டான் போலிருக்கிறது! உயரத்தில் வைத்தது சரி. ஆனால் வைஃபை அலைக்கு உலோகத்தைப் போல எதிரி வேறில்லை. கீழே இரும்புப் பெட்டி, அதன் கதவில் ஆள் உயரக் கண்ணாடி (கண்ணாடியின் பின்னால் இருக்கும் பூச்சும் உலோகம்தான்), மேலே தகரக் கூரை. முன்னறைக்கும் பழைய நடுக்கட்டுக்கும் இடையே தகரத் தடுப்பு. அதைத் தாண்டினால் நடைவழியில் வரிசையாகத் தண்ணீர் டிரம்கள். உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வராத நாளுக்குச் சேர்த்துவைக்காமல் முடியாது என்பது தெரியும். ஆனால் தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும். கடைசியாக, புதிதாகக் கட்டிய கான்கிரீட் பின்னறை. அந்தமான் நிலநடுக்க ஆபத்து மிகுந்த பகுதி. கட்டியவர் கம்பியில் கஞ்சத்தனம் காட்டியிருக்கக் கூடாது, காட்டியிருக்கவும் மாட்டார். ஆக, அலை கடக்க வேண்டியது இரும்பு, தகரம், தண்ணீர், கம்பி வைத்த கான்கிரீட். பத்து மீட்டர்தான், ஆனால் மோசமான பத்து மீட்டர்.

கம்பியில்லாத் தொடர்பு உங்கள் தீவுக்குப் புதிதில்லை என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரையோர டயமண்ட் தீவுக்கும் இடையே கடலுக்கு மேலே கம்பியில்லாத் தந்தி ஓடியது. 2004 டிசம்பரில் ஹாம் வானொலிக் குழுவோடு போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத், 26ஆம் தேதி சுனாமி அடித்துத் தொலைபேசிகள் செத்தபோது, தன் வானொலியை வைத்துத்தான் தீவின் செய்தியை மெயின்லேண்டுக்குச் சொன்னார். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போன வானொலி எங்கே, பத்து மீட்டரில் திணறும் வைஃபை எங்கே என்று தோன்றும். ஹாம் வானொலியர் தூரத்துக்குப் பயன்படுத்தும் அலை ஒவ்வொன்றும் பத்து இருபது மீட்டர் நீளம். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிக் கடல் தாண்டும். உங்கள் ரூட்டரின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுமார் ஆறு சென்டிமீட்டர். ரூட்டர் வீசும் சக்தியும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதிகச் செய்தி சுமக்கும், தூரம் போகாது, தகரத்தைக் கண்டால் திரும்பிவிடும். வீட்டுக்குள் இருக்கட்டும் என்றே செய்த ஏற்பாடு அது. உரிமம் இல்லாமல் 2.4 அலைவரிசையை யாரும் பயன்படுத்தலாம் என்று 2005இல் இந்திய அரசு விட்டுக்கொடுத்ததும் சக்தி அவ்வளவு குறைவு என்பதால்தான்.

"கோடு முழுசா இருக்கே" என்று கேட்டிருந்தீர்கள். கோடுகளை நம்பாதீர்கள். ரூட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அவை காட்டும். போன் திருப்பிச் சொல்வது ரூட்டருக்குக் கேட்கிறதா, காற்றில் வேறு யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ரூட்டருக்கு அப்பால் நெட் இருக்கிறதா, இவை எதுவும் கோட்டில் தெரியாது. போன், லேப்டாப் போன்ற பேட்டரிக் கருவிகளின் குரல் சன்னம். வீடியோ வகுப்பில் மகளின் முகமும் குரலும் அந்தச் சன்னக் குரலில்தான் திரும்பிப் போக வேண்டும். முன்னறை டிவிக்கு அந்தத் தொல்லை இல்லை. அது கேட்பதோடு சரி, வருவதைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்தும் வைத்துக்கொள்ளும்.

வைஃபை அனலைசர் என்று தேடினால் கிடைக்கும் ஆப்களில் கோட்டுக்குப் பதில் எண் தெரியும்; கழித்தல் குறியோடு டெசிபல் கணக்கில். -50 என்றால் அருமை. வீடியோ பேச்சுக்கு -67க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். -80 என்றால் இணைப்பு இருப்பதாகப் பெயர்தான். மூன்று எண் இறங்கினால் சக்தி பாதியாகிறது என்று பொருள். அதனால் -67க்கும் -79க்கும் உள்ள வித்தியாசம் பதினாறு மடங்கு.

அதே ஆப்பில் இன்னொரு படம் வரும்: அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எந்தெந்தச் சேனலில் இருக்கின்றன என்று. மாலை ஏழு மணிக் கதை அங்கேதான் இருக்கும். 2.4இல் சேனல்கள் பல இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றுதான். மேட்டிலும் சரிவிலுமாக வீடுகள் இருந்தால் மேல்வீட்டு ரூட்டரின் அலை உங்கள் பின்னறை ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும். உங்கள் ரூட்டரின் அலையோ தகரத்தையும் டிரம்மையும் தாண்டி வர வேண்டும். பகலில் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும்போது தெரியாது. மாலையில் எல்லார் வீட்டிலும் படம் ஓடத் தொடங்கியதும் ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் முடிக்க ஒருவர் காத்திருக்க வேண்டியதாகிறது. அணைத்துப் போட்டால் சற்று நேரம் சரியாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: ரூட்டர் எழும்போது காலியான சேனலைத் தேடிப் பிடிக்கிறது, பிறகு அங்கும் கூட்டம் சேர்கிறது. ரூட்டர் சூடாவதும் காரணமாகலாம். தகரக் கூரையை ஒட்டிய பீரோத் தலை எவ்வளவு சூடேறும் என்று கை வைத்துப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலை, ரூட்டரைப் பீரோவிலிருந்து இறக்குவது. நடுக்கட்டு வாசலுக்கு நேரே, தகரத் தடுப்பை ஒட்டாமல், மரச் சட்டத்தில் மார்பு உயரத்துக்கு மேலே ஓர் ஆணி. உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். முன்னறை டிவி 5க்குப் போகட்டும், 2.4இன் சேனலைக் கூட்டம் குறைந்த ஏதாவது ஒன்றில் (1, 6, 11 மூன்றில்) நிலையாக நிறுத்துங்கள். பின்னறைக் கருவிகள் 2.4ஐப் பிடிக்கட்டும், நீளமான அலை, சுவரைச் சற்று நன்றாகத் தாண்டும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அது ஓடும்போது 2.4 கலங்கும், வகுப்பு நேரத்தில் அதைத் தவிருங்கள்.

இதிலேயே -67 வந்துவிட்டால் நல்லது. வராது என்று என் கணிப்பு. கான்கிரீட்டும் டிரம்களும் அப்படியே இருக்கின்றனவே. அங்கேதான் உங்கள் கேள்வி: ரிப்பீட்டர் வாங்கலாமா? கடைக்காரர் பின்னறையிலேயே செருகச் சொல்வார். சரியாகக் கேட்காத இடத்தில் ஒருவரை நிறுத்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அவர் எதைச் சொல்வார்? ரிப்பீட்டரைச் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில்தான் வைக்க வேண்டும். அப்போதும், சாதாரண ரிப்பீட்டர் ஒரே காற்றில் கேட்டு அதே காற்றில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். நான் சொல்வது அதைவிட மலிவு. பரணில் பழைய ரூட்டர் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது போதும். முன்னறையிலிருந்து பின்னறை வரை கேட் 6 ஒயர் இழுங்கள். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெளியிடத்துக்கான கறுப்பு உறை போட்ட ஒயராகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் வெயிலும் உப்புக் காற்றும் சாதா ஒயரை விட்டுவைக்காது.

ஒயரைச் செருகுமுன் பழைய ரூட்டரில் இரண்டு மாற்றம். முன்னறை ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் பழையதின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். டிஹெச்சிபி என்ற வசதியை அணையுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் வேலை அது. அதை ஒருவர்தான் செய்ய வேண்டும். இரண்டு ரூட்டர்களும் கொடுக்கத் தொடங்கினால் வைஃபை இணைந்திருக்கும், நெட் இருக்காது, காரணமும் புரியாது. பிறகு முன்னறை ரூட்டரின் லான் துளையிலிருந்து பழையதின் லான் துளைக்கு ஒயர். நிறம் மாறியிருக்கும் வான் (WAN) துளை வேண்டாம். கருவி எதிலாவது முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள், அப்போது ஒயர் முனையைப் பாருங்கள்.

மழைக்கு வருகிறேன். வைஃபையின் அலைவரிசையில் மழைத்துளி ஒன்றும் செய்யாது. செயற்கைக்கோள் அலைகளில் சிலவற்றை மழை மங்கச் செய்யும். மழை வந்தால் நெட் போகும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்து எச்சம். இப்போது மழை நாளில் தொல்லை என்றால் சந்தேகம் மூன்று பேர் மேல். ஒன்று, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இழை. கண்ணாடி துருப்பிடிக்காது, ஆனால் ஜாயிண்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகும், காற்றில் கிளை விழுந்து இழுக்கும், ஆணியில் நெருக்கமாகச் சுற்றிய இடத்தில் ஒளி கசியும். சுவரில் உங்கள் இழை எங்காவது விரல் தடிமனுக்கு மடங்கியிருந்தால் அதை அகலமான வளையமாக விடுங்கள். இழுக்காதீர்கள், முனையைத் தொடாதீர்கள். இரண்டு, மின்சாரம். கரண்ட் ஒரு நொடி தாழ்ந்தாலும் ரூட்டர் மறுபடி எழ இரண்டு நிமிடம் எடுக்கும். விளக்கு மினுக்கியது உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் இதற்குப் போதும், அடாப்டரில் எழுதிய வோல்ட்டும் அதன் வோல்ட்டும் ஒன்றாக இருக்கட்டும். மூன்று, உப்புக் காற்று. லான் துளைகளிலும் அடாப்டர் முனையிலும் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் சின்னத் துளை இருக்கும். யார் சொன்னாலும் அதைக் குத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, அது வேறு. குத்தினால் இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் அழிந்து, ஆள் வந்து போட்டுக்கொடுக்கும் வரை மகளுக்கு வகுப்பு கிடையாது. பரணிலிருக்கும் பழையதைக் குத்தலாம், அதில் இழக்க ஒன்றுமில்லை. நடப்பிலிருக்கும் ரூட்டரின் அந்த மூன்று விவரங்களையும் இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு வாங்கி, பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

ஒயர் இழுக்கும் முன் ஒரு மாலை, இழுத்த பின் ஒரு மாலை, முடிந்தால் நல்ல மழை பெய்யும் மாலையாகவே பார்த்து, பின்னறையில் மூன்று எண்களைக் குறித்து அனுப்புங்கள்: டெசிபல், ரூட்டருக்குப் பிங், 8.8.8.8க்குப் பிங். மழை நேரத்தில் ரூட்டர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கியதா என்பதையும் எழுதுங்கள். மினுக்கினால் இழையில் ஒளி வரவில்லை; அதற்கு நானும் நீங்களும் செய்ய ஒன்றுமில்லை, லைன்மேன் ஏணியோடு வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்